சுங்கை சிப்புட் வெயிலில் ஆர்க்கிட்: ஃபலனாப்சிஸ் மறுபடி பூக்கவில்லை, படமும் சரியாக வரவில்லை

லயத்துவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், பழைய பால்மரத் தோட்டம் ஒன்றை ஒட்டிய தாமான் (வீடமைப்புப் பகுதி). வீட்டு முன்னால் கார் நிறுத்தும் கூரைக்குக் கீழேயும், பக்கத்தில் துணி காயப்போடும் கம்பியிலும் ஆர்க்கிட் வைத்திருக்கிறோம். அதிகம் டென்ட்ரோபியம்தான், கொஞ்சம் வாண்டா, அப்புறம் சீனப் பெருநாள் சமயத்தில் வாங்கிய வெள்ளை ஃபலனாப்சிஸ். செடிகள் எல்லாம் அம்மாவுக்காக. அவர் பால் வெட்டியவர், இப்போது முட்டி வலியால் அதிகம் நடக்க முடியாது, காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எந்த மொட்டு விரிந்தது, எந்த வேர் நீண்டது என்று பார்ப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை.

முதல் கேள்வி அந்த ஃபலனாப்சிஸ் பற்றி. வாங்கும்போது இருந்த பூ இரண்டு மாதத்துக்கு மேல் நின்றது. அதற்குப் பிறகு இலை விடுகிறது, இலையும் பெரிதாகத் தடிப்பாக இருக்கிறது, வேரும் பச்சை நுனியோடு ஓடுகிறது, ஆனால் பூந்தண்டு மட்டும் வருவதே இல்லை. உரம் மாற்றினேன், இடம் மாற்றினேன், அம்மா அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றுகிறார். செடி நன்றாக இருந்தும் ஏன் பூக்கவில்லை?

இரண்டாவது, படம். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தங்களுக்கு அம்மா படம் அனுப்பச் சொல்வார். கைப்பேசியில் எடுத்தால் வெள்ளைப் பூ வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது, இதழில் இருக்கும் நரம்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஊதா வாண்டா படத்தில் நீலமாகிவிடுகிறது, சில நேரம் இளஞ்சிவப்பாக. நேரில் பார்க்கும் நிறம் படத்தில் வர என்ன செய்ய வேண்டும்? தம்பியின் பழைய கேமரா ஒன்றும் வீட்டில் இருக்கிறது, அதை எடுத்துப் பழகலாமா அல்லது கைப்பேசியே போதுமா?

மூன்றாவது ஒரு விஷயமும் உண்டு. தோட்டத்துக் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் பெரிய தூங்குமூஞ்சி மரங்களில் கொத்துக் கொத்தாக ஒரு வெள்ளை ஆர்க்கிட் வளர்கிறது. திடீரென்று ஒரு நாள் மரம் முழுக்கப் பூக்கும், மறுநாள் ஒன்றும் இருக்காது. மறுநடவு வேலைக்காக அந்த மரங்களையும் வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு. அம்மா சின்ன வயதிலிருந்து பார்த்த பூ அது. அதை எடுத்துக் காப்பாற்றலாமா, எடுத்தால் வீட்டில் பிழைக்குமா?

---

தாப்பா_அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் ஃபலனாப்சிஸுக்கு நோய் ஒன்றும் இல்லை, உரக் குறைவும் இல்லை. அதற்குக் கிடைக்காதது குளிர்.

கடையில் விற்கும் பெரிய பூ ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்கள் தொடர்ந்து சுமார் 25 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பகல் 28, 29 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் இலை விட்டுக்கொண்டே போகும், பூப்பதைப் பற்றி நினைக்காது. உங்கள் ஊரில் பகல் 32, 33, இரவு 23, 24. இரவுதான் இறங்குகிறதே என்று நினைக்கலாம், ஆனால் பகல் சூடு அதிகமாக இருந்தால் இரவுக் குளிர் மட்டும் போதாது. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் மலையிலோ குளிரூட்டிய கூடத்திலோ வைத்துத் தண்டு வரவழைத்து, பெருநாளுக்குச் சரியாகப் பூக்கிற மாதிரி அனுப்புகிறார்கள். நம் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் குளிர் அதற்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

சிலர் இரவில் ஏர்கோன் அறையில் வைக்கச் சொல்வார்கள். பகலில் அதே செடியை வெளியே சூட்டில் வைத்தால் பலன் குறைவு, இரண்டு வேளையும் உள்ளே வைத்தால் வெளிச்சம் போதாது, காற்றும் காய்ந்துவிடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேமரன் மலையில் தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அங்கே கொஞ்ச நாள் விட்டு வைக்கலாம். தண்டு நீண்டு மொட்டு தெரிந்த பிறகு கீழே கொண்டு வாருங்கள். இறக்கும்போது காரில் கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்தினால் மொட்டு உதிர்ந்துவிடும், அதில் கவனம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா வாசலில் உட்கார்ந்து பார்ப்பதற்காக வளர்க்கிறீர்கள் என்றால், நம் சூட்டிலேயே பூக்கிற செடியை வாங்கி வையுங்கள். ஃபலனாப்சிஸ்தான் வேண்டும் என்றால் வயலேசியா என்ற இனத்தைத் தேடிப் பாருங்கள். அது நம் தீபகற்பத்துக் காட்டுச் செடி, நர்சரிகளில் வளர்த்து விற்கிறார்கள். பூ சின்னது, ஒரு தண்டில் ஒன்றிரண்டுதான் ஒரே சமயத்தில் விரியும், ஆனால் நல்ல வாசனை, குளிர் கேட்காது. அதில் முக்கியமானது, பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டக் கூடாது. அதே தண்டு நுனியில் திரும்பத் திரும்பப் பூக்கும். பச்சையாக இருக்கும் வரை விட்டுவிடுங்கள்.

டென்ட்ரோபியம் பற்றி நீங்கள் குறை சொல்லவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கார் கூரைக்குக் கீழே என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. டென்ட்ரோபியத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இலை கரும்பச்சையாக, அழகாக, மினுமினுப்பாக இருந்தால் நமக்குச் சந்தோஷம், செடிக்கு வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருந்தால்தான் தாராளமாகப் பூக்கும். காலை வெயில் நேராகவும், பதினொரு மணிக்கு மேல் பாதி வெயிலை மறைக்கும் கறுப்பு வலைக்குக் கீழேயும் இருந்தால் போதும். இலை விழுந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டை அசிங்கம் என்று வெட்டிவிடாதீர்கள், அதில்தான் தண்ணீரும் சத்தும் சேர்ந்திருக்கிறது, அந்தத் தண்டிலும் மறுபடி பூ வரும். சுருங்கிக் காய்ந்து பழுப்பான பிறகு வெட்டலாம்.

சட்டிக்கு மண் வேண்டவே வேண்டாம். அடுப்புக்கரியும் உடைத்த செங்கலும் போதும். தேங்காய் மட்டை மலிவு, ஆனால் நம் மழைக்கு அது சீக்கிரம் மக்கி வேரை அழுக வைத்துவிடும். கரி நீண்ட நாள் தாங்கும். தண்ணீர் காலையில் ஊற்றுங்கள், மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க இலையிடுக்கில் ஈரம் நின்று அழுகல் வரும். ஃபலனாப்சிஸ் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் செடியே போய்விடும், அதைக் கொஞ்சம் சாய்த்துத் தொங்கவிடுங்கள். உரம் மூன்று சத்தும் சமமாக உள்ளது ஏதாவது ஒன்றை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு கலந்து வாரத்துக்கு ஒரு முறை. அப்புறம் சட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டை போடும், சுகாதார இலாகாவிலிருந்து சோதனைக்கு வந்தால் அபராதமும் கட்ட வேண்டி வரும்.

அரிசி கழுவிய தண்ணீர் தவறில்லை. அன்றே கழுவியதாக, நல்ல தண்ணீர் கலந்து நீர்க்க ஊற்றச் சொல்லுங்கள். நான் ஊற்றுகிறேன், என் செடிகள் நன்றாகவே இருக்கின்றன.

---

கிந்தா_நிழல் எழுதியது:

வணக்கம். வளர்ப்பு பற்றி அக்கா சொல்லிவிட்டார், நான் படம் பற்றி மட்டும் எழுதுகிறேன். கைப்பேசியே போதும். அதை நன்றாகப் பழகிய பிறகு கேமராவை எடுங்கள்.

வெள்ளைப் பூ ஏன் திட்டாக வருகிறது என்றால், கைப்பேசி படம் முழுவதையும் பார்த்து சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பூவுக்குப் பின்னால் இருட்டான சுவரோ கரும்பச்சை இலையோ இருந்தால், ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிடும், அதில் வெள்ளை இதழ் வெந்துபோகும். வழி சுலபம். திரையில் பூவைத் தொடுங்கள், தொட்ட விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். இதழில் நரம்பும் மடிப்பும் தெரிகிற வரை இறக்குங்கள். படம் மொத்தமாகக் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், இருட்டை அப்புறம் தூக்கலாம், வெந்துபோன வெள்ளையை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நேரம் இதைவிட முக்கியம். நம் நாட்டில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது, ஆகவே எட்டிலிருந்து ஒன்பதரை வரை உள்ள வெளிச்சம்தான் மென்மையானது. பத்து மணிக்கு மேல் வெயில் நேராக இறங்கி, ஒரு இதழ் பளிச்சென்று, பக்கத்து இதழ் கறுப்பாக வரும். வேறு நேரத்தில்தான் முடியும் என்றால் மேகம் மூடிய நேரமாகப் பாருங்கள். மழை விட்ட பிறகு வரும் வெளிச்சம் எனக்கு மிகவும் பிடிக்கும், நிழல் குறைவு, இலையும் கழுவிச் சுத்தமாக இருக்கும்.

ஊதா நிறம் மாறுவதற்கு இரண்டு காரணம். ஒன்று, நீலமும் சிவப்பும் கலந்த அந்த ஊதாவைக் கண் பார்க்கும் விதமும் கேமரா பதியும் விதமும் வேறு, இதில் எந்தக் கருவியும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது. கார் கூரை என்ன நிறம்? பச்சை பிளாஸ்டிக் தகடோ பச்சை வலையோ இருந்தால் வருகிற வெளிச்சமே பச்சை, அதைச் சரிசெய்யப் போய்க் கைப்பேசி பூவை இளஞ்சிவப்பாக்கும். நிழலில், நீல வானத்து வெளிச்சத்தில் எடுத்தால் பூ நீலமாகும். சட்டியை அந்தக் கூரைக்கு வெளியே, திறந்த இடத்து நிழலுக்குக் கொண்டு வாருங்கள். அங்கே மிச்சமிருக்கும் நீலத்தைச் சரிசெய்ய, பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து முதல் படம் எடுங்கள். பிறகு திருத்தும்போது அந்தக் காகிதம் படத்தில் வெள்ளையாகத் தெரிகிற வரை நிறத்தை நகர்த்தி, அதே அளவை மற்றப் படங்களுக்கும் கொடுங்கள். வாண்டாவுக்கு இது பெரிய வித்தியாசம் காட்டும். திருத்தும்போது பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துங்கள், இரவில் நினைவை வைத்துத் திருத்தினால் எல்லாரும் நிறத்தைக் கூட்டித்தான் விடுவோம்.

கிட்டே போய் எடுக்காதீர்கள். கைப்பேசியின் சாதாரண லென்ஸ் அகலமானது, மூக்கருகே கொண்டுபோனால் முன்னால் இருக்கும் உதடு (மற்றவற்றிலிருந்து வேறுபட்ட வடிவில் இருக்கும் இதழ்) பெரிதாகி, பின் இதழ்கள் சுருங்கிப் பூவின் வடிவமே மாறிவிடும். இரண்டடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். ஃபோகஸ் எப்போதும் பூவின் உதட்டிலும் அதற்கு மேலே பூவின் நடுவில் இருக்கும் தூண் போன்ற பகுதியிலும் இருக்க வேண்டும், அது தெளிவாக இருந்தால் இதழ் விளிம்பு கொஞ்சம் மங்கினாலும் கண் ஏற்றுக்கொள்ளும். கைப்பேசியைப் பூவின் முகத்துக்கு இணையாகப் பிடியுங்கள், மேலிருந்து சாய்த்துப் பிடித்தால் பாதி தெளிவு பாதி மங்கல்.

பின்னணிக்கு ஒரு கறுப்புத் துணி. பூவை ஒட்டி வைக்காமல் இரண்டு மூன்றடி பின்னால் தொங்கவிடுங்கள், அப்போதுதான் துணியின் சுருக்கம் தெரியாது. வெளிச்சம் வராத பக்கத்தில் ஒரு வெள்ளை மணிலா அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள், அம்மாவே நாற்காலியில் உட்கார்ந்தபடி பிடிக்கலாம், நிழல் விழுந்த இதழில் மெதுவாக வெளிச்சம் ஏறுவதை நேரிலேயே பார்ப்பீர்கள். ஃப்ளாஷ் வேண்டாம். காற்றடித்தால் பூந்தண்டை மெல்லிய மூங்கில் குச்சியில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள், சமையல் கையோடு பிடித்த கைப்பேசியில் எண்ணெய்ப் படலம் இருக்கும், பாதிப் படங்கள் புகைமூட்டமாக வருவது அதனால்தான்.

தம்பியின் கேமராவை எடுக்கும் நாள் வந்தால், லென்ஸ் துளையை (அப்பர்ச்சர்) எஃப் 8 அல்லது 11 வைத்து, முக்காலியில் நிறுத்தி, இரண்டு விநாடி டைமர் போட்டு எடுங்கள். விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் வாங்குவதற்கு முன்னால், இருக்கிற லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் நீட்டிப்புக் குழாய் கிடைக்கும், விலை குறைவு, நன்றாகவே கிட்டே போகலாம்.

பெயர் தெரியாத செடி என்றால் முகத்தை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இலையும் தண்டும் முழுதாக ஒன்று, பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒன்று. இப்படி இருந்தால் தெரிந்தவர்கள் பெயர் சொல்லலாம்.

---

மஞ்சள்_குருத்து எழுதியது:

அரிசித் தண்ணீர் விஷயத்தில் அக்கா சொல்வதற்கு எனக்கு உடன்பாடில்லை. அதில் இருக்கும் மாவு கரியின் மேல் படிந்து புளிக்கிறது, எறும்பு வருகிறது, சின்ன நத்தை வருகிறது, வேர் நுனியைத் தின்றுவிட்டுப் போகிறது. வாரம் ஒரு முறை உரம் போடுகிறவருக்கு அது தேவையே இல்லை. நத்தைக்கு இரவு எட்டு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துச் சட்டியின் அடியைப் பாருங்கள், அங்கேதான் இருக்கும். கோழி, நாய் வளர்க்கும் வீட்டில் நத்தை மருந்து உருண்டை போட வேண்டாம், அவை தின்றால் ஆபத்து.

இன்னொன்று, மொட்டிலும் பூவிலும் ஓட்டை விழுந்து, வழவழவென்று கரும்பச்சைச் சளி ஒட்டியிருந்தால் அது மஞ்சள் வண்டின் புழு, தன் கழிவையே முதுகில் போர்த்திக்கொண்டு தின்னும். கையால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வண்டு காலையில் மந்தமாக இருக்கும், தொட்டால் கீழே விழுந்துவிடும், ஆகவே அடியில் ஒரு கிண்ணம் பிடித்துக்கொண்டு தட்டுங்கள்.

---

செம்பனைச்சாலை எழுதியது:

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்காகவே எழுதுகிறேன். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்தவன், மறுநடவு எப்படி நடக்கும் என்று தெரியும்.

நீங்கள் சொல்லும் பூ புறா ஆர்க்கிட்டாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் டென்ட்ரோபியம் வகைதான், டென்ட்ரோபியம் குருமினேட்டம். வெள்ளை இதழ், உதட்டில் மஞ்சள் தீற்றல், பக்கத்தில் போனால் நல்ல வாசனை. தூங்குமூஞ்சி மரம், பழைய மாமரம், சாலையோர மரம் எல்லாவற்றிலும் வளரும். மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை, பட்டையைப் பிடித்துக்கொண்டு மழையிலும் காற்றிலும் வாழ்கிறது. சிலர் இதை ஒட்டுண்ணி என்று நினைத்துச் சுரண்டி எறிகிறார்கள், பார்க்க வருத்தமாக இருக்கும்.

அது ஒரே நாளில் பூப்பதற்குக் காரணம் மழை, சரியாகச் சொன்னால் மழை கொண்டுவரும் குளிர்ச்சி. மொட்டு ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். கடும் வெயிலுக்குப் பிறகு மாலையில் பெருமழை கொட்டி, வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால், நின்றிருந்த மொட்டு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வளரத் தொடங்கும். ஒன்பதாம் நாள் விடியும்போது விரியும், அன்று மாலைக்குள் வாடும். அதனால்தான் உங்கள் ஊரில் கோயில் மரத்தில் பூத்த அன்றே, அந்த மழை பெய்த சுற்றுவட்டாரம் முழுவதும் பூத்திருக்கும். தேனீக்களுக்கு ஒரே நாளில் ஊர் முழுக்கப் பூ கிடைக்கும், ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போகும்.

கிந்தா_நிழல் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. எந்த நாள் பூக்கும் என்று முன்கூட்டியே தெரிகிற பூ இது. ஏப்ரல் வாக்கிலும், அக்டோபர் நவம்பரிலும் மாலை மழை அதிகம். வெயில் நாளுக்குப் பிறகு முதல் பெருமழை பெய்ததும் காலண்டரில் குறித்து, அதிலிருந்து ஒன்பது நாள் எண்ணுங்கள். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் மொட்டு வெள்ளையாகப் பருத்திருக்கும், அப்படி இருந்தால் மறுநாள் உறுதி. மரத்தில் உயரமாக இருப்பதைக் கீழிருந்து எடுத்தால் வானம் பின்னால் வந்து பூ கறுத்துவிடும், கிளை தாழ்ந்த பக்கமாக, வானத்துக்குப் பதில் இலை பின்னால் வருகிற மாதிரி நில்லுங்கள். மரத்தை வெட்டுவதற்கு முன் அம்மாவைக் காரில் கூட்டிப்போய் அந்தக் காலையைக் காட்டிவிடுங்கள், படத்தில் அந்த வாசனை வராது.

எடுக்கலாமா என்ற கேள்வி. தோட்டத்து நிலம் தனியார் சொத்து, ஆகவே மேனேஜரிடம் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், எந்த மரம், எந்த வழி என்று எழுதிக் கொடுங்கள். வெட்டப் போகிற மரத்தில் இருப்பதை எடுக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மறுநடவு குத்தகைக்காரரிடமும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் மரம் விழுந்த அன்றே துண்டு போட்டு அள்ளிவிடுவார்கள். மரம் விழுந்த பிறகு எடுங்கள், ஏறி எடுக்க வேண்டாம். வெட்டாத மரத்தில் இருப்பதைத் தொடாதீர்கள். காட்டு ஒதுக்கத்துக்குள் போய் எடுப்பது வேறு விஷயம், அனுமதி இல்லாமல் அங்கிருந்து எதையும் கொண்டு வரக் கூடாது, ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்டிக் கொண்டுபோனால் பத்திரம் கேட்பார்கள். எல்லைப் பக்கச் சந்தையில் வாங்கிப் பையில் போட்டு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எடுக்கும்போது வேரைப் பிய்க்காதீர்கள். பட்டையோடு சேர்த்துச் செதுக்கி எடுத்தால் செடி பிழைக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் மாமரமோ அரளி மாதிரி வெள்ளைப் பூ விடும் ஃபிராஞ்சிபானியோ இருந்தால், காலை வெயில் படும் பக்கத்தில் அந்தப் பட்டைத் துண்டை அப்படியே வைத்து, தென்னை நாரிலோ பழைய காலுறைத் துணியிலோ இறுக்கிக் கட்டுங்கள். ஆடினால் வேர் பிடிக்காது. புது வேர் மரத்தைப் பிடிக்கும் வரை மழையில்லாத நாளில் தினமும் தெளியுங்கள். உரம் எதுவும் வேண்டாம். சட்டியில் வைக்காதீர்கள், இது மரத்தில் இருக்க வேண்டிய செடி, சட்டியில் ஈரம் தேங்கினால் அழுகிவிடும்.

---

லயத்துவீடு எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அக்கா, கார் கூரை நீங்கள் நினைத்த மாதிரிதான், வெளிச்சம் குறைவு, டென்ட்ரோபியத்தை எல்லாம் துணிக் கம்பிப் பக்கம் மாற்றிவிட்டேன். கிந்தா_நிழல் அண்ணே, கூரை பச்சைத் தகடுதான்! வாண்டாவை வெளியே கொண்டுவந்து வெள்ளைக் காகிதம் வைத்து எடுத்தேன், நீலம் போய் ஊதா வந்துவிட்டது, அம்மா அட்டை பிடித்தார். வெள்ளைப் பூவிலும் இப்போது நரம்பு தெரிகிறது.

ஐயா, நேற்று மாலை இங்கே கொட்டித் தீர்த்தது, அதற்கு முன் நல்ல காய்ச்சல் வெயில். எண்ணத் தொடங்கிவிட்டேன். மேனேஜருக்குக் கடிதமும் எழுதுகிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். வாண்டாவுக்குக் கூடையில் கரி போட வேண்டுமா? வேர் எல்லாம் வெளியே தொங்குகிறது, அம்மாவுக்கு அது காய்கிறதே என்று கவலை. அப்புறம் பக்கத்து வீட்டில் பென்சில் மாதிரி இலை உள்ள வாண்டா ஒன்று வேலி உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது, பூக்கவில்லை.

---

தாப்பா_அக்கா எழுதியது:

கரி வேண்டாம், வெறும் கூடையே போதும். வாண்டா வேர் காற்றில் தொங்கத்தான் வேண்டும். வேரின் மேல் இருக்கும் வெள்ளித் தோல் தண்ணீரை உறிஞ்சிப் பச்சையாக மாறும், காய்ந்ததும் மறுபடி வெள்ளியாகும். தண்ணீர் ஊற்றும்போது அந்த நிறம் பச்சையாகிற வரை ஊற்றச் சொல்லுங்கள், பாதி வெள்ளியாக இருந்தால் இன்னும் குடிக்கவில்லை என்று அர்த்தம். மழையில்லாத நாளில் காலையில் ஒரு முறை, வெயில் கடுமையாக இருந்தால் மத்தியானத்துக்கு முன் இன்னொரு முறை. அம்மாவுக்கு இதைச் சொல்லிவிட்டால் அவரே பார்த்துக்கொள்வார்.

மஞ்சள்_குருத்து, நத்தை வருகிறது என்பது சரிதான், ஆனால் என் வீட்டில் தட்டு வைக்காமல் தொங்கவிட்ட செடிக்குத்தான் அரிசித் தண்ணீர், தரையில் இருப்பதற்கு ஊற்றுவதில்லை. அவரவர் இடத்தைப் பார்த்துச் செய்யலாம்.

பென்சில் இலை வாண்டா நிழலில் நின்றால் பூக்காது. அதற்கு மறைவில்லாத முழு வெயில் வேண்டும், அது ஏறுகிற கம்பத்தைத் தாண்டி நுனி மேலே போன பிறகுதான் பூக்கத் தொடங்கும். பக்கத்து வீட்டில் கம்பம் உயரமாக இருந்தால் நுனி எட்டும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது வேரோடு கூடிய நுனியை வெட்டிக் குட்டையான கம்பத்தில் கட்டலாம்.

---

செம்பனைச்சாலை எழுதியது:

அந்தப் பென்சில் இலை வாண்டாவுக்கும் நம் பேராக்குக்கும் உறவு உண்டு. சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம், அங்கே 1893இல் பதிவான கலப்பினம், 1981இல் தேசிய மலராக அறிவித்தார்கள். அதன் பெற்றோரில் ஒன்று வாண்டா ஹுக்கெரியானா, சதுப்பு நிலத்தில் வளரும் செடி, கிந்தா பள்ளத்தாக்கில் அவ்வளவு மண்டிக் கிடந்ததால் கிந்தாக் களை என்றே பெயர் வைத்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் சொந்தங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பூ பூத்ததும் படம் அனுப்புங்கள், அது அந்தக் கலப்பினமாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

---

கிந்தா_நிழல் எழுதியது:

ஒன்பதாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு மரத்தடியில் இருங்கள், கைப்பேசி முழுச் சார்ஜில். காற்று எழுவதற்கு முன் கொத்தை முழுதாக எடுத்துவிட்டு, பிறகு ஒற்றைப் பூ. ஒரே இடத்தில் பல படம் தொடர்ந்து எடுங்கள், ஆடுகிற பூவில் ஒன்றாவது தெளிவாகக் கிடைக்கும். அனுப்பும்போது வாட்சாப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள், நரம்பு வரை போய்ச் சேரும். ஒன்றை இங்கேயும் போடுங்கள்.